அண்ணன் நடை

இடது காலை லேசாக இழுத்தபடி அவன் விமான நிலையச் சோதனை வரிசையில் நகர்ந்தான். முன்னால் நின்ற அம்மாள் மனசு கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

அவள் பரிதாபம் வீண். அந்த நொண்டல் பிறந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. நிலைக்கண்ணாடி முன்னால் நடந்து நடந்து பழகியது.

நொண்டல் அண்ணனுடையது. கையிலிருந்த பாஸ்போர்ட்டும் அண்ணனுடையதே. இரட்டையரில் பத்து நிமிடம் முந்திக்கொண்டவன் அண்ணன். மற்றபடி ஒரே சரக்கு, லேபிள்தான் வேறு.

அவனுடைய சொந்த பாஸ்போர்ட் கோர்ட் பீரோவில் கிடந்தது. அவன் விற்ற கலப்பட மருந்தில் மூன்று பேர் போய்ச் சேர்ந்த வழக்கு, நாளைக்குத் தீர்ப்பு. இந்த விமானத்தில் ஏறினால் தப்பினான், இல்லையென்றால் ஆயுசுக்கும் உள்ளேதான்.

அண்ணனின் கையெழுத்து, இருமல், பேச்சுக்கு நடுவே "அதானே" போடுவது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மூன்று வருடம் முன்பு மாடிப்படியில் உருண்டு அண்ணன் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. வியாபாரம் தலைக்குமேல் இருந்தது.

இன்று காலை அண்ணனுக்குக் காபி கலந்து கொடுத்தது அவன்தான். எதையும் எண்ணிப் போடுகிறவன், தூக்க மாத்திரையை மட்டும் எண்ணிப் போடவில்லை. வீட்டை வெளியே பூட்டி, சாவியைச் சாக்கடையில் வீசிவிட்டு வந்திருந்தான்.

படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி, சற்றுமுன் முத்திரை குத்திவிட்டார். பாக்கி இந்த உலோகச் சோதனை வாசல் ஒன்றுதான்.

"வாங்க சார். போன மாசம் பார்த்தது," என்றார் அங்கே நின்ற காவலர். அண்ணன் மாதம் தவறாமல் இந்த வழியாகப் போகிறவன் என்பது தெரிந்த சங்கதிதான். அண்ணன் மாதிரியே இருமிவிட்டு, அலைச்சல்தான் என்று சமாளித்தான்.

வாசல் கத்தினால் தனியறை, கேள்விமேல் கேள்வி, மறுபடியும் பாஸ்போர்ட். அதற்கு அவன் இடம் கொடுப்பானா? பெல்ட், கடிகாரம், மோதிரம், பேனா, கடைசியில் ஷூ வரைக்கும் கழற்றித் தட்டில் போட்டான்.

"எதுக்கு சார் இன்னைக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்றார் காவலர். கைச்சோதனைக் கருவி அவர் கையில் தயாராக இருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலியை அவன் எதிர்பார்க்கவில்லை. யாருக்கு அது? திரும்பிப் போகவும் வழியில்லை. வரிசை முதுகில் இடித்தது.

காலை இழுத்து உள்ளே வைத்தான். தாண்டினான். ஒரு சத்தமும் இல்லை, பச்சை விளக்கு எரிந்தது.

பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். மனசு அதற்குள் விமானத்தில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டது.

காவலர் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். நடந்தான். மறுபடியும் பச்சைதான்.

அவர் பார்வை அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, இடது காலில் போய் நின்றது. ஒரு கையால் அவன் வழியை மறித்தார்.

"காலுக்குள்ள இருந்த கம்பிய எங்க சார் கழட்டி வெச்சீங்க?"