கன்னத்தில் கிரீஸ்

“இன்னும் கொஞ்சம் அழுக்கு வேணும். இவளைப் பார்த்தா லைப்ரரியில உட்கார்ந்து சீல் குத்துறவ மாதிரி இருக்கா,” என்றான் ராட்னி.

ஒப்பனைக்காரப் பெண் பஞ்சில் கிரீஸைத் தொட்டு, பெவர்லியின் கன்னத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தாள். கண்ணுக்குக் கீழே தீட்டிய மை மட்டும் கலையக் கூடாது. அது மேனேஜர் ராட்னியின் உத்தரவு. உலையில் வெந்தவர்களாகவும் தெரிய வேண்டும், அழகாகவும் தெரிய வேண்டும்.

ஷெஃபீல்டில் மூடிக் கிடந்த ஓர் உருக்காலைக் கொட்டகை அது. ‘ஃபர்னஸ் நைன்’ குழுவின் முதல் இசைத்தட்டு அடுத்த மாதம் வெளிவருகிறது. பேட்டியும் படமும் எடுக்க ஒரு பத்திரிகைக்காரர் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்தார். கடையில் புதிதாக வாங்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கிய நீல ஓவரால்களில் நான்கு பேரும் நின்றார்கள்.

ஜூலியனின் அப்பா பல் டாக்டர். பியர்ஸின் அப்பா வக்கீல். டோபிக்குத் தன் அப்பா என்ன செய்கிறார் என்றே சரியாகத் தெரியாது, குதிரைகள் வைத்திருக்கிறார். நாலாவது ஆள் பெவர்லி. சிந்தசைசர் வாசிப்பவள். மெட்டுகள் முழுக்க அவள் போட்டவை. பட்டம் வாங்கியவள், எந்த வார்த்தையையும் விழுங்காமல் முழுசாகச் சொல்பவள் என்பதால் பையன்கள் அவளை ‘ஹெட்மாஸ்டர் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நல்லா கேட்டுக்கங்க,” என்றான் ராட்னி. “நாலு பேரும் உருக்காலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க. அதுதான் நம்ம சரக்கு. பாட்டு எவன் வேணா போடுவான். பின்னால ஒரு கதை வேணும். ஜூலியன், உங்கப்பா?”

“முப்பது வருஷம் உலைக்கு முன்னாடி நின்னாரு. நுரையீரல் போச்சு.” ஜூலியன் இருமியும் காட்டினான்.

“அட, இருமல்கூட அசலா இருக்கே.”

“எங்கப்பா பல்லைப் பிடுங்கும்போது வர்றவன் போடுற சத்தம் அது.”

எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லியும்தான்.

“பெவர்லி, உனக்குத்தான் பிரமாதமான அயிட்டம். உங்கப்பாவைப் போன மாசமே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. வீட்டுல சொல்லலை. தினமும் வழக்கம்போலக் கிளம்பிப் போறார். கால்வாய்க் கரையில உட்கார்ந்திருக்கார். மழை பெஞ்சா பப்புக்குள்ள. சாயங்காலம் வேலை முடிஞ்ச மாதிரி வீட்டுக்கு வர்றார். ஒருநாள் நீ தற்செயலாப் பார்த்துட்டே. எங்கே, சொல்லு பார்ப்போம்.”

“இதை நீங்களே யோசிச்சீங்களா?”

“எனக்கு ஏது அவ்வளவு மூளை? நேத்து இங்க ஒரு பப்புல ஒரு ஆளு. பீர் வாங்கிக் கொடுத்தேன், மொத்தத்தையும் கொட்டிட்டான். பேசப் பேச தீக்குச்சியை உடைச்சு உடைச்சு மேஜை மேல வேலி மாதிரி அடுக்குறான். ‘எம் பொண்ணு படிச்சவ, அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்’னு மூக்கைச் சிந்துறான். படம் பிடிச்சிருக்கணும்.”

ராட்னி தோளைக் குறுக்கிக்கொண்டு, காற்றில் தீக்குச்சி உடைத்துக் காட்டினான். டோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த முறை பெவர்லி சிரிக்கவில்லை.

“பேர் கேட்டீங்களா?”

“யார் பேரை?”

“அந்த ஆளோட பேரை.”

“பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது கண்ணு? கதை கிடைச்சுது, போதும். ம், சொல்லு.”

“நான் இதைச் சொல்ல மாட்டேன்.”

“என்னது?”

“வேற ஏதாவது கொடுங்க. அப்பா செத்துட்டார்னு வேணும்னாலும் சொல்றேன். இது வேண்டாம்.”

ராட்னியின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. “பத்திரிகைக்காரன் வர்ற நேரம். சொல்லு, இல்லைன்னா ஓவராலைக் கழட்டு. படத்துக்கு மூணு பேர் போதும். சிந்தசைசர்ல பொத்தானை அமுக்க ஆளா கிடைக்காது?”

“மெட்டு என்னோடது.”

“மெட்டு தட்டுல இருக்கும். நீ அட்டையில இருக்க மாட்டே. அவ்வளவுதான்.”

பெவர்லி மூன்று பையன்களையும் பார்த்தாள். அவள் மெட்டால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பியர்ஸ் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

“தொழிலாளியை அப்பான்னு சொல்ல ஹெட்மாஸ்டர் பொண்ணுக்கு நாக்கு கூசுது,” என்றான் ஜூலியன். “அதை என்கிட்ட கொடுங்க ராட்னி. நுரையீரலை டோபி வச்சுக்கட்டும்.”

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெவர்லி ஓவராலின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

ஜூலியன் நன்றாகவே சொன்னான். குரலைத் தாழ்த்தி, கால்வாய்க் கரை வந்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். பத்திரிகைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க பார்த்துட்டது உங்கப்பாவுக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாது சார். தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவார்.”

கேமரா பளிச்சிட்டது. மூன்று பேர்.

விளக்குகளுக்குப் பின்னால் நின்ற பெவர்லியிடம் ஒப்பனைக்காரப் பெண் ஒரு துணியை நீட்டினாள். “துடைச்சுக்கோ. என்னமா சொல்றான் பாரேன். நிஜமாவே நடந்த மாதிரி இருக்கு.”

பெவர்லி துணியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ராட்னி பேர் கேட்காமல் விட்டுவந்த அந்த ஆள், இன்று காலையும் அவள் போட்டுக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, வழக்கம்போலத் தீக்குச்சிகளை உடைத்து மேஜை மேல் அடுக்கிவிட்டு, “ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா” என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பிப் போனார், அவள் அப்பா.