பதினோரு மெயில் ஐடி

"ஒரு வேலை தேட எதுக்குடா பதினோரு மெயில் ஐடி?"

கேட்டவன் மீசை. முகத்தில் மருந்துக்கும் மீசை கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். அறையில் கூட இருப்பவன். சிஐடியின் தோளுக்கு மேலாக மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஐடி திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சிஐடி என்ற பட்டம் அவனுக்குச் சும்மா வரவில்லை. 'வேலைவாய்ப்பு' பக்கத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை அவன். எந்த நிறுவனமானாலும் உள்ளே இருப்பவர் பெயரை இணையத்தில் தோண்டி எடுத்துவிடுவான். ஒரு மனிதவள அதிகாரியின் எண்ணை, அவர் விற்பனைக்குப் போட்டிருந்த பழைய சைக்கிளின் விளம்பரத்திலிருந்து பிடித்தவன். போனை எடுத்ததும் சைக்கிள் விற்றுப்போச்சு என்றார் அவர். அந்த வேலையும் வேறொருவனுக்குப் போயிருந்தது.

மெயில் முகவரிக்கும் ஒரு வழி வைத்திருந்தான். பெயர், புள்ளி, இனிஷியல் என்று ஊகித்து ஒரு வரி அனுப்பிப் பார்ப்பான். திரும்பி வந்தால் அப்படி ஒரு முகவரி இல்லை. திரும்பாவிட்டால் இருக்கிறது. ஒருத்தர் முகவரி பிடிபட்டால் அந்த நிறுவனத்தில் எல்லார் முகவரியும் பிடிபட்ட மாதிரி.

இப்படி எழுபத்து மூன்று நிறுவனங்களை அட்டவணையில் ஏற்றியிருந்தான். எழுபத்திரண்டு கைவிரித்துவிட்டன.

கடைசி வரி மட்டும் மூன்று வாரமாக மஞ்சள் நிறத்தில் நின்றது. அக்காவின் நிறுவனம்.

அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி அங்கே ஒரு காலியிடம். இன்று வெள்ளி, மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இதுவும் இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடு, மாமா கடையில் உட்காரலாம் என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அங்குள்ள மனிதவள அதிகாரியின் மெயில் முகவரி கையில் இருந்தது. விண்ணப்பம் தயார். மணி நாலரை.

"அக்கா பேர முதல் வரியிலேயே போடுடா. அவங்க பேரச் சொன்னா அங்க யாரு மாட்டேன்னு சொல்லப்போறா?"

சொல்லிவிட்டு மீசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால், அந்த நிறுவனத்தின் முகவரிகள் எப்படி அமைகின்றன என்று பார்க்க சிஐடிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அங்கே அவனுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. விரல்கள் தானாகத் தட்டின. அக்காவின் பெயர், புள்ளி, அப்பாவின் முதலெழுத்து. உள்ளே 'சோதனை' என்று ஒரே ஒரு வார்த்தை.

கட்டாயம் திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தான்.

பதில் வந்தது.

'வணக்கம். திங்கள்வரை நான் விடுப்பு. தம்பிக்கு முதல் நேர்முகத் தேர்வு, அவனுக்குச் சட்டை இஸ்திரி போடத் தெரியாது. அவசரமென்றால் பக்கத்து மேசையில் கேளுங்கள். அவசரமில்லையென்றால் காத்திருங்கள். செவ்வாய் காலை வந்துவிடுவேன்.'

யார் மெயில் அனுப்பினாலும் தானாகப் போகும்படி அக்கா அதை எழுதிவைத்துவிட்டு பஸ் ஏறிப் பதினான்கு மாதம் ஆகிறது. பஸ் பாதி வழியில் கவிழ்ந்தது.

அந்த நேர்முகத் தேர்வுக்கு அவன் போகவில்லை. சட்டை இன்னும் கசங்கியபடியே பெட்டிக்குள் கிடக்கிறது.

அந்தப் பதில் ஒரு ஐடிக்கு ஒருமுறைதான் வரும். அது தெரியாமல் மறுநாள் இன்னொன்று அனுப்பிவிட்டு, சாயங்காலம்வரை மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. புதிதாக ஒரு ஐடி தொடங்கி அதிலிருந்து அனுப்பினான்.

வந்தது.

முதல் ஐடி போக மற்ற பத்தும் அப்படி வந்தவைதான். பதினோரு தடவையும் செவ்வாய் காலை வந்துவிடுவதாகச் சொன்னாள்.

இப்போது விண்ணப்பத்தில் அக்கா பெயரைப் போட்டால் வேலை கிடைக்கலாம். போட்டால் அங்கே யாரோ ஒருத்தர் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அட, இவங்க மெயிலை இன்னுமா மூடாமல் வைத்திருக்கிறோம் என்பார். நல்ல மனதோடுதான் மூடுவார்.

பெயரைப் போடாமல் அனுப்பினால்? அதே இனிஷியல், அதே ஊர், அதே மூக்கு. புகைப்படத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாலு ஐம்பது. குளியலறையில் மீசை ராகம் இழுத்துக்கொண்டிருந்தான்.

சிஐடி பன்னிரண்டாவது ஐடியைத் தொடங்கினான். 'அக்கா, அனுப்பட்டுமா?' என்று எழுதினான்.

கண் இமைப்பதற்குள் பதில். வணக்கம் என்று தொடங்கியது. எல்லாம் மனப்பாடமான வரிகள். ஆனாலும் ஒரு வரியில் மட்டும் கண் நின்றது, இத்தனை நாளும் அதைப் படிக்காதவன் மாதிரி.

அவசரமில்லையென்றால் காத்திருங்கள்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று விரல் விட்டு எண்ணினான். விண்ணப்பத்தை அனுப்பாமலே மடிக்கணினியை மெல்ல மூடினான்.

செவ்வாய்க்கு இன்னும் நாலே நாள்தானே, பொறுத்துப் பார்த்தால்தான் என்ன? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?