முப்பத்தொரு டிகிரி

மெக்கானிக் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே சாயவிட்டு ஓடினான்.

கம்பத்தடியில் கிடந்தவர் அவன் அப்பா.

'வெயிலில் ஒரு பெரியவர் சுருண்டு விழுந்துவிட்டார், தூவானமும் வரவில்லை' என்றுதான் போனில் சொன்னார்கள். அப்பா இருக்கும் தெருதான் என்று தெரிந்தும், எந்தப் பெரியவர் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

இஸ்திரிக்கடை அக்கா அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தொட்டால் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆம்புலன்ஸ் இதோ அதோ என்றார்களே தவிர, வந்தபாடில்லை.

தூவானம் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தெரு நெடுகத் தலைக்கு மேலே மெல்லிய குழாய்கள். வெயில் முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் கம்பத்துப் பெட்டி மோட்டாரைப் போட்டுவிடும். குழாயெல்லாம் சாரல் தூவும், தெருவே குளிரும். அதை மாட்டியவன் அவன்தான்.

ஒரு வாரமாக வரவில்லை என்று தெருவே மாற்றி மாற்றிப் போன் போட்டது. பெட்டி அனுப்பும் எண்ணை ஆபீஸ் திரையில் பார்த்து, "உங்க தெருவுல முப்பத்தொரு டிகிரிதாங்க, அதான் வரல" என்று அவனும் சளைக்காமல் சொன்னான். நேரில் வந்து பார்க்க உடம்பு வணங்கவில்லை.

அப்பா மட்டும் ஒரு புகாரும் சொல்லவில்லை. லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். பழுது என்று யாராவது வாயெடுத்தால், என் பையன் மாட்டின மிஷினாக்கும் என்று சண்டைக்கே போய்விடுவாராம்.

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி ஏறினான். சாரல் வந்துவிட்டால் அப்பா பிழைத்துக்கொள்வார். வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உள்ளே வெப்பமானியைச் சுற்றிச் சொட்டச் சொட்ட ஒரு ஈரச் சாக்கு. கை தேர்ந்த முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஈரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வெப்பமானிக்கு ஊர் வெயில் எப்படித் தெரியும்?

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்துச் சாக்கைத் தரையில் வீசினான்.

"எந்தப் பாவி பண்ணின வேலை இது? இதைக் கட்டினவன் விளங்குவானா?"

கேட்டுவிட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

பெட்டியில் எண் ஏறியது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. மோட்டார் உறுமி, குழாயெல்லாம் ஒரே நேரத்தில் தூவ ஆரம்பித்தன.

அப்பா மெல்லக் கண் திறந்தார். சாரலை அவர் பார்க்கவில்லை. கீழே கிடந்த சாக்கைத்தான் பார்த்தார்.

"அதை ஏண்டா அவுத்தே? ஒரு வாரமா தினம் கட்டறதுதான், இப்பத்தான் மறுபடி நனைச்சுக் கட்டினேன். லாரி மாதிரி இதோட இன்ஜினும் சூடேறிப் படுத்துக்கிச்சுன்னா உன் வேலைதானே போயிடும்."

மகன் ஸ்டூலிலிருந்து இறங்கி, அந்த ஈரச் சாக்கை எடுத்து அப்பாவின் நெஞ்சில் போர்த்தினான்.