மொட்டைக் கடுதாசி

“அந்தக் கடுதாசி போட்டவன் கை விளங்குமா?”

வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான் அவள் புருஷன். சுற்றி பேக்கிங் பிரிவு ஆட்கள் நாலைந்து பேர். அவளுடைய அண்ணனும் அதில் ஒருத்தன்.

எல்லாரும் தோட்டாத் தொழிற்சாலை ஆட்கள். சரக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால் ஏற்றுமதிச் சோதனை அலுவலகம் முத்திரை குத்த வேண்டும். குத்தப் போகிற நேரத்தில் எவனோ மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டுவிட்டான். சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. இருபது நாளாக முன்னூறு பேருக்கு வேலை இல்லை.

“உள்ளாள்தான் மாப்ளே எழுதியிருக்கான். பெட்டிக்குள்ள என்ன சீட்டு இருக்குன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?” அண்ணன் பல்லைக் கடித்தான்.

“கையில சிக்கட்டும் மச்சான், நானே தோலை உரிச்சிடறேன்!”

“உரிச்சு என்ன, செருப்பா தைக்கப் போறீங்க? வழி விடுங்க, கடை திறக்கணும்.” இடுப்பில் இருந்த பிள்ளையைப் புருஷன் தோளுக்கு மாற்றினாள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வழியில்லாமல் அம்மா வீட்டுக்கே போகிறாள் அந்த அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே மெத்தையைச் சுருட்டினாள்.

“எந்தப் பாவியோ, நல்லாவே இருக்க மாட்டான்!” அதைப் பார்த்து இவளும் தன் பங்குக்கு ஒரு சாபம் விட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினாள்.

அவளுடைய ஜெராக்ஸ் கடை அந்தச் சோதனை அலுவலகத்துக்கு நேர் எதிரே. பதினொரு மணிவாக்கில் அலுவலகப் பியூன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“எங்க மிஷின் படுத்துடுச்சும்மா. இதுல அஞ்சு காப்பி போடு. படிக்காமப் போடணும்.”

“கண்ணைக் கட்டிக்கிட்டு மிஷின் ஓட்ட எனக்குத் தெரியாதுண்ணே. அப்படி என்ன ரகசியம்?”

பியூன் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கடுதாசிதான். தொழிற்சாலைக்கு ஒரு காப்பி தரணும், அவங்க பதில் சொல்லணுமில்ல? அவங்க முதலாளி, எழுதினவன் கையெழுத்தைப் பொருத்திப் பார்க்க ஆள் வச்சுட்டுக் காத்திருக்காராம். சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிடுவாங்க.”

“பிடிச்சு?”

“பிடிச்சு மாலையா போடுவாங்க? உசுரோட விட்டாப் போதும்.”

தாளைக் கண்ணாடி மேல் கவிழ்க்கப் போனாள். படிக்காதே என்றால் கண் கேட்குமா? பெட்டிக்கு மேலே ஒரு நாட்டுப் பேர். உள்ளே இருக்கிற சீட்டில், ஊர் ஊராகச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிற இன்னொரு நாட்டுப் பேர். தேதி, பெட்டி எண் எல்லாம் வரிசையாக இருந்தது.

கடைசி வரிக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“ஒண்ணுமில்லண்ணே.”

பியூன் தெருப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, எழுத்தை வெளுக்க வைக்கிற பொத்தானை மூன்று தடவை அழுத்தினாள். அப்புறம் ஒரு காப்பி எடுத்து நீட்டினாள். பாதி எழுத்தைக் காணோம்.

“மை வெளிறிக் கிடக்குண்ணே. இதைக் கொண்டு போனா உங்க சார் யாரைத் திட்டுவார்?”

“ஐயையோ! இப்ப என்னம்மா பண்றது?”

“டைப் அடிச்சுத் தரேன். அசல் உங்க பீரோவிலேயே பத்திரமா இருக்கப் போகுது. உண்மையா பொய்யான்னு உங்க ஆபீசர் பார்க்க அது போதும். மத்தவங்களுக்குச் சேதி தெரிஞ்சாப் போதாதா?”

பியூன் தலையைச் சொறிந்தார். “அதுவும் சரிதான். சட்டுனு அடி.”

பத்து வருஷமாக டைப் அடிக்கிற விரல். அஞ்சு நிமிஷத்தில் அடித்து முடித்தாள்.

அடித்த தாளை வைத்துக்கொண்டு பியூன் வாய்விட்டுப் படித்தார். அசலை அவள் வாய்விட்டுப் படித்தாள். “நம்ம வீட்டில இருக்கிற மாதிரி அங்கேயும் குழந்தைங்க இருக்குங்க ஐயா” என்று ரெண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள். காதுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

“பரவாயில்ல, பிசகாம அடிச்சிருக்க” என்று வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. இவள் வீட்டு வாசலில் அதே கூட்டம்.

“டைப் அடிச்ச காப்பிதான் குடுத்தாங்களாம் மாப்ளே! கையெழுத்தே இல்லையாம். தப்பிச்சுட்டான் படுபாவி!” அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “இனி நமக்கு விடிஞ்ச மாதிரிதான்.”

“எங்க மச்சான் போயிடுவான்?” கத்திக் கத்திப் புருஷனுக்குத் தொண்டை கம்மிப்போயிருந்தது. “அவன் மட்டும் என் கையில கிடைச்சான்…”

பிள்ளை அவன் தோளிலேயே தூங்கியிருந்தது. வாங்கிக்கொள்கிற சாக்கில் அவள் அவன் காதருகே குனிந்தாள்.

“‘குழந்தை’க்குப் பழத்துல வர்ற ழ போடணும்ங்க, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? திருத்தி அடிச்சுட்டேன்.”