பொட்டு வைத்த படம்

வாக்குத் தவறியது அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கார அம்மா பழைய கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்களையெல்லாம் புது ஹார்ட் டிஸ்குக்கு மாற்ற உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"தம்பி, மத்ததை எல்லாம் எடுத்துக்க. ஆயுத பூஜை அன்னிக்கு எனக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு எடுத்த படத்தை மட்டும் விட்டுடு. நான் இருக்கற படம் அது ஒண்ணுதான்."

"எல்லாம் சேர்ந்துதாண்ணே வரும். அடுத்த தடவை வயர் மாட்டும்போது உங்க படத்தை இறக்கி வெச்சுடறேன்" என்றது ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் நம்பிக் கொடுத்தது. மறுநாளே அதைப் பரணில் ஏற்றினார்கள். ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள் பட்டுப் புடவைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்துப் பொட்டு வைத்தார்கள். மணிச்சத்தம் கேட்டுக் கம்ப்யூட்டர் பரணிலிருந்து குரல் கொடுத்தது.

"தம்பி, என் படம் பத்திரமா இருக்கா? பொட்டு நேராத்தானே இருக்கு?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? பார்த்துச் சொல்ல எனக்கென்ன திரையா இருக்கு?"

"அப்ப ஒரு தடவை மேல வாயேன். நான் பார்த்துக்கறேன்."

"வயரைத் தொலைச்சுட்டாங்கண்ணே."

குங்குமம் காய்வதற்குள் பீரோவைப் பூட்டிவிட்டார்கள். கீழே யாராவது மேஜை டிராயரைத் திறந்தால், வயரைத்தான் தேடுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் இன்றைக்கும் காதைத் தீட்டிக்கொள்கிறது. அந்தப் படம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.