காய்ச்சல் விட்ட பிறகு

தபால்காரி செண்பகவல்லியின் நுரையீரலில் ஒரு வெள்ளையணு காவல் இருந்தது. வைரஸ் நுழைந்த வாரத்தில் ஊண் உறக்கமில்லாமல் போரிட்டு அவளைக் காப்பாற்றியது அதுதான். காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் அது ஓரிடத்தில் உட்காரவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து மோந்து பார்த்தது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் தீ வைத்தது.

மூச்சுக்காற்றைச் சுமக்கும் சிவப்பணு ஒருநாள் அதனிடம் பேசிப் பார்த்தது.

“அண்ணே, எதிரி செத்து எவ்வளவோ நாளாச்சு. நீங்க வைக்கிற தீயில வேகுறது நம்ம சுவருதான்.”

“அவன் வாடை இன்னும் அடிக்குதே.”

“அது அவன் விட்டுட்டுப் போன கந்தல் துணி.”

“துணி இருந்தா ஆளும் இருப்பான்,” என்றது வெள்ளையணு.

“அந்தம்மாவைக் கொஞ்சம் பாருங்கண்ணே. முன்னெல்லாம் மூணு மாடி ஏறித் தபால் குடுப்பாங்க.”

வெள்ளையணு பார்த்தது. செண்பகவல்லி முதல் மாடிக்குப் போகும் வழியிலேயே மூச்சிரைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடிதங்கள் மடியிலிருந்து சரிந்தன. அவற்றைப் பொறுக்கக்கூட அவளால் குனிய முடியவில்லை.

வெள்ளையணு சிவப்பணுவின் பக்கம் திரும்பியது.

“பாவம், எப்படி இரைக்குது பாரு. நான்தான் சொன்னேனே, அவன் இங்கதான் எங்கேயோ இருக்கான்.”

அடுத்த தீயை மூட்ட அது அவசரமாக ஓடியது.