கவுண்டியின் ஒரே மலை

மகள் பிழைத்தெழுந்தால் மலையேறிப் பால் ஊற்றுவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள் உமையாள். மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் உருளைக்கிழங்கு வயல்களெல்லாம் வீடுகளாகிவிட்ட அந்த அமெரிக்கக் கவுண்டி, அதாவது மாவட்டம், தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. இருந்த ஒரே குன்றும், பத்து லட்சம் பேர் காலங்காலமாகக் கொட்டிய குப்பையை மண்போட்டு மூடிப் புல் வளர்த்ததுதான்.

“குப்பைமேட்டுல சாமி ஏது? யாருக்கு ஊத்துவே?” என்றார் கணவர் நாச்சியப்பன்.

“நம்ம வீட்டுக் குப்பையும் சேந்துதானேங்க இவ்வளவு உசரம் வந்திருக்கு? மலைன்னு ஒண்ணு இருந்தா அவன் வராம இருப்பானா?”

தைப்பூசத்தன்று, கொட்டும் பனியில், பால்சொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் ஏற்கெனவே சின்னதாக ஒரு வேல் நட்டிருந்தது. அதன் நுனியில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தின்மேல் இன்னும் பனி படியவில்லை.